பிடிக்கணும், விடணும்: சின்ன பைக்கின் கிளட்சும் பிரேக்கும்

ஹேண்டில்பாரில் இரண்டு லிவர்கள். இடது கையில் கிளட்ச், வலது கையில் முன் பிரேக். பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல இருக்கும். டிரம் பிரேக் வைத்த 100 சிசி, 110 சிசி வண்டி என்றால் இரண்டிலிருந்தும் கிளம்புவது ஒரே மாதிரி ஒயர்தான். ஆனால் வேலை நேரெதிர். பிரேக் லிவரை இழுத்தால் உள்ளே ஒன்று போய்ப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் லிவரை இழுத்தால், அதுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று விட்டுக்கொடுக்கும்.

இது தெரியாததால்தான் ஒயர் தளர்ந்தால் பிரேக்குக்கு ஒரு நோயும், கிளட்சுக்கு அதற்கு நேர்மாறான நோயும் வருவது புதிதாக வண்டி எடுத்தவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. பிரேக் ஒயர் தளர்ந்தால் பிரேக் பிடிக்காது. கிளட்ச் ஒயர் தளர்ந்தால் கிளட்ச் விடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் பிரேக் விடாது, கிளட்ச் பிடிக்காது. மெக்கானிக் கடை வாசலில் நின்று கேட்டால், வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பிடிக்கவில்லையா, விடவில்லையா? இரண்டாவது கேள்வி: ஒயர் சரியாக இருக்கிறதா? என்ஜினைத் திறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெங்களூரில் இந்த இரண்டு பாகமும் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓசூரிலிருந்து காலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருகிற டிஎன் 70 வண்டிகளும் சரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வந்து இங்கேயே அறை எடுத்துத் தங்கி டெலிவரி ஓட்டுகிற தம்பிகளின் வண்டிகளும் சரி, சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, டின் ஃபேக்டரி என்று ஏதாவது ஒரு நெரிசலில் ஊர்ந்துதான் ஆக வேண்டும். ஊர் ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குத் தொடுகிற அளவு கிளட்சை இங்கே இரண்டு சிக்னலுக்குள் தொட்டுவிடுவோம். ஊரில் ஓட்டியபோது இல்லாத கோளாறு இங்கே வந்தபின் தலைகாட்டினால் வண்டியைத் திட்ட வேண்டாம்.

லிவரில் இருக்க வேண்டிய ஆட்டம்

வண்டியை நிறுத்திவிட்டு கிளட்ச் லிவரை ஒரே விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று வரும். அதற்கு அப்புறம்தான் ஸ்பிரிங்கின் கனம் விரலுக்குத் தெரியும். கனம் தெரிவதற்கு முன்னால் வருகிற அந்தச் சும்மா ஆட்டத்தைத்தான் மெக்கானிக்குகள் 'பிளே' என்கிறார்கள்.

லிவரின் நுனியில் அளந்தால், நிறைய சின்ன பைக்குகளுக்கு கிளட்ச் பிளே 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஏறக்குறைய சுண்டுவிரல் அகலம், அதற்குக் கொஞ்சம் மேல். சில கம்பெனிகள் நுனியில் அளக்காமல், லிவர் அதன் தாங்கியோடு சேரும் இடத்து இடைவெளியை அளக்கச் சொல்வார்கள். அங்கே 2, 3 மி.மீ. இருந்தாலே சரி. வண்டியோடு கொடுத்த கையேட்டில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். சீட்டுக்கு அடியில் பாலிதீன் உறைக்குள் பிரிக்காமலே கிடக்குமே, அதேதான்.

இந்த ஆட்டம் எதற்கு? ஒயர் எப்போதும் இழுபட்டே இருக்கக் கூடாது என்பதற்காக. பிளே சுத்தமாக இல்லையென்றால், நீங்கள் கையே வைக்காதபோதும் ஒயர் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பியும் பார்க்க வேண்டும். நேராக இருக்கும்போது சரியாக இருந்த பிளே, முழுக்கத் திருப்பினால் காணாமல் போகிறதென்றால் ஒயர் எங்கேயோ மடங்கியோ, தவறான வழியில் போயோ இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேக் ஷூ, அதாவது டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற கட்டை, தேயத் தேய பிரேக்கின் பிளே கூடிக்கொண்டே போகும். கிளட்சில் அப்படியில்லை. ஒயர் நீண்டால் பிளே கூடும். உள்ளே பிளேட், அதாவது கிளட்ச் தகடு, தேய்ந்தால் பிளே குறையும். ஆகவே கிளட்ச் லிவர் நாளாக ஆகத் தளர்ந்தால் கவலை ஒயரைப் பற்றி. யாரும் கை வைக்காமலே லிவர் இறுகிக்கொண்டு வந்தால் கவலை பிளேட்டைப் பற்றி. இதை மட்டும் கவனித்து வைத்திருந்தாலே மெக்கானிக்கிடம் பாதி நோயைச் சொன்ன மாதிரி.

சரிசெய்வது எளிது. லிவர் பக்கத்தில் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளினால் ஒரு திருகும், அதைப் பூட்டி வைக்கிற லாக் நட்டும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை வெளியே வரும்படி திருப்பினால் ஒயர் இறுகும். உள்ளே போகும்படி திருப்பினால் தளரும். அளவு வந்ததும் லாக் நட்டை மறுபடி இறுக்கிவிட வேண்டும். இது சின்னச் சின்ன மாற்றத்துக்கு மட்டும்தான். திருகு பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வந்துவிட்டால் அதை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, என்ஜின் பக்கம் ஒயர் முடிகிற இடத்தில் இருக்கிற இரண்டு நட்டுகளில் பெரிய மாற்றத்தைச் செய்ய வேண்டும். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் இருந்தால் பெரும்பாலும் போதும். அங்கேயும் திருப்ப இடமில்லை என்றால் ஒயரின் ஆயுசு முடிந்தது. புது ஒயர் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். டவுன் ஹால் பக்கம் ஜே.சி. ரோட்டில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன. போகும்போது வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய ஒயரையே கையில் கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கிளட்ச் பிடிக்காதபோது

கிளட்ச் பெரும்பாலும் என்ஜினின் வலது பக்க மூடிக்குள், என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு இருக்கிறது. அப்பள அடுக்குபோல மெல்லிய வட்டத் தகடுகள். ஒன்று விட்டு ஒன்று இரண்டு வகை: உராய்வுக் கட்டைகள் ஒட்டியவை என்ஜினோடு சுற்றும், வெறும் இரும்புத் தகடுகள் கியர்பாக்ஸோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த மொத்த அடுக்கையும் நெருக்கி வைத்திருக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும், வண்டி ஓடும். லிவரை இழுத்தால் நெருக்கம் தளரும். என்ஜின் தன் பாட்டுக்குச் சுற்ற, சக்கரம் விடுபடும்.

பிடிப்பு குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஏற்றம்தான். டொம்லூர் மேம்பாலம் ஏறும்போது பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறீர்கள். என்ஜின் சத்தம் மட்டும் விர்ரென்று ஏறுகிறது, ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. கூடவே கருகிய வாசனை. 'வண்டி இழுக்கல' என்று சொல்லிப் பலர் கார்புரேட்டரைச் சந்தேகிப்பார்கள். சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் இருந்தால்தான் அந்தச் சந்தேகம் நியாயம். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் குற்றவாளி கிளட்ச்.

முதலில் பிளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் பிளே இல்லாமல் பல நாள் ஓட்டியிருந்தால், நழுவி நழுவிச் சூடேறி பிளேட் ஏற்கெனவே கருகியிருக்கும். அப்போது ஒயரைத் தளர்த்தினாலும் பிடிப்பு திரும்பாது.

அடுத்தது ஆயில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது; பைக்கில் ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற சேர்மானங்கள் கலந்திருப்பார்கள். காருக்கு அது நல்லது. உராய்வை நம்பிப் பிழைக்கிற பைக் கிளட்சுக்கு அதுதான் எமன். அதனால் பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எம்பி என்று போட்டிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை, ஆகவே அங்கே அது பொருந்தும். 'கார் சர்வீஸில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன்' என்று பைக்கில் ஊற்றிவிட்டு அடுத்த வாரம் கிளட்ச் நழுவுகிறது என்று வருகிறவர்கள் உண்டு. 10டபிள்யூ30, 20டபிள்யூ40 என்கிற எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. எண் சரியாக இருந்தும் ரகம் தவறாக இருக்க முடியும்.

ஒயரும் ஆயிலும் சரியாக இருந்தும் நழுவினால், பிளேட் தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் களைத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகவே மாற்றுவது நல்லது. மூடியைத் திறக்கிற கூலி ஒரே கூலிதானே. திறக்கும்போது மூடியின் கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். பழைய இரும்புத் தகட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் அது சூட்டில் வெந்ததற்கு அடையாளம்.

பிளேட்டை இவ்வளவு சீக்கிரம் தின்பது எது என்று கேட்டால், ஹாஃப் கிளட்ச். நெரிசலில் லிவரைப் பாதி இழுத்துப் பிடித்தபடி, ஆக்ஸிலரேட்டரையும் முறுக்கிக்கொண்டு ஊர்வது. ஏற்றத்தில் சிக்னல் விழும்போது பிரேக்கைத் தொடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பது அதைவிட மோசம். சும்மா ஓடும்போதும் இரண்டு விரலை லிவர்மேல் போட்டு வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. விரலின் கனமே பிளேயைத் தின்றுவிடும். சிக்னலில் பத்து நொடிக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்றால் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

கிளட்ச் விடாதபோது

இதன் அடையாளம் வேறு. சிக்னலில் நியூட்ரல் விழவே விழாது. முதல் கியரிலிருந்து தட்டினால் இரண்டாவதுக்குப் போகும், இரண்டாவதிலிருந்து தட்டினால் முதலுக்கே வரும். லிவரை முழுக்க இழுத்துப் பிடித்தும் வண்டி முன்னால் முன்னால் தள்ளும்; பிரேக்கை அழுத்தினால் என்ஜின் நின்றுவிடும். கியர் மாற்றும்போது கடக்கென்று சத்தம் வரும்.

பெரும்பாலும் காரணம் பிளே அதிகமாக இருப்பது. லிவர் வருகிற தூரத்தில் பாதி சும்மா ஆட்டத்திலேயே போய்விட்டால், மிச்ச தூரம் தகடுகளைப் பிரிக்கப் போதாது. இறுக்கிப் பாருங்கள். இங்கேதான் அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கி, விடாத கிளட்சைப் பிடிக்காத கிளட்சாக மாற்றிவிடுவது நடக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க இழுத்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் லேசாகச் சுற்றும். அது கோளாறல்ல, ஆயிலின் ஒட்டுதல். பின் பிரேக்கை மெல்ல அழுத்தினால் சக்கரம் நின்று என்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும். சக்கரத்தோடு என்ஜினும் மூச்சுத் திணறினால் கிளட்ச் முழுக்க விடவில்லை. சுற்றுகிற சக்கரத்தின் பக்கம் கையோ காலோ துப்பட்டாவோ போகக் கூடாது.

டிசம்பர் காலையில் முதல் கியர் போட்டதும் டக்கென்று ஒரு அடி அடித்து வண்டி குதிப்பது வேறு விஷயம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த ஆயிலில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினைப் போடுவதற்கு முன்னால் முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளினால் பிரிந்துவிடும். அன்றாடம் ஓடி வண்டி சூடான பின்பும் குதித்தால்தான் கவனிக்க வேண்டும்: தகடு வளைந்திருக்கலாம், அல்லது தகடுகளின் பற்கள் உட்காரும் கூடையில் பள்ளம் விழுந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

ஒயர் அறுவது திடீரென்று நடப்பதில்லை. ரப்பர் மூடியைத் தள்ளி, லிவருக்குள் ஒயரின் உருண்டை முனை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒயர் பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. அந்த முனைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இழை அறுந்து முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விரலில் குத்தும். லிவர் சில நாளாகக் கரகரவென்று வருவதும் அந்த முள் உறையில் உரசுவதால் இருக்கலாம். அதைப் பார்த்த நாளே மாற்றிவிட வேண்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் புது ஒயரைப் பழைய ஒயரின் கூடவே டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொள்வதுண்டு. நல்ல யோசனை.

நடு ரோட்டில் அறுந்தே விட்டால்? வண்டியை இடது ஓரம் தள்ளிக்கொண்டு போங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து வண்டியைத் தள்ளி ஓட வைத்து முதல் கியரைத் தட்டி, அப்புறம் ஆக்ஸிலரேட்டரை விட்ட கணத்தில் கியரை மாற்றிக்கொண்டு ஓட்டிவிட முடியும் என்பது உண்மைதான். அதை அவுட்டர் ரிங் ரோட்டின் மாலை நெரிசலில் செய்து பார்க்க வேண்டாம்.

டிரம் பிரேக்

டிரம்முக்குள் அரை வட்ட வடிவில் இரண்டு ஷூ. நடுவில் ஒரு கேம். பெடலை மிதித்தால் ராடு ஒரு ஆர்மை இழுக்கும், ஆர்ம் கேமைத் திருப்பும், கேம் ஷூக்களை விரித்து டிரம்மின் உள் சுவரில் அழுத்தும். அவ்வளவுதான். பின் பெடலின் பிளே பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. என்று சொல்வார்கள்.

பின் பிரேக்கை இறுக்குவது ராடின் கடைசியில் இருக்கிற நட்டைத் திருப்பி. அந்த நட்டின் முகத்தில் ஒரு வளைந்த பள்ளம் இருக்கும். அது ஆர்மில் இருக்கிற உருளையில் சரியாக உட்கார வேண்டும். அரைச் சுற்றுக்கு ஒரு தடவை அது கிளிக்கென்று உட்காருவது கைக்குத் தெரியும். உட்காராமல் பாதியில் நிற்க விட்டால், ஓடும்போது அதிர்வில் தானாக நகர்ந்து அளவு மாறிவிடும். இறுக்கியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அதுதானே தகவல்.

செயினை இறுக்கிய பிறகு பின் பிரேக்கைப் பார்க்காமல் விடக் கூடாது. செயினை இறுக்க சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறோம். ராடின் நீளம் மாறவில்லை. ஆகவே பிரேக் தானாக இறுகிவிடும். செயின் வேலை முடித்து வந்த மறுநாள் மைலேஜ் குறைந்து, சக்கரத்தின் நடுப்பகுதி சுடுகிறது என்றால் காரணம் இதுதான். தொட்டுப் பார்க்கும்போது முதலில் கையைக் கிட்டே மட்டும் கொண்டுபோங்கள்.

ஷூ எவ்வளவு மிச்சம் என்று கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். ஆர்ம் இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், பக்கத்தில் தகட்டில் ஒரு கோடோ குறியோ. பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. தூசி மூடியிருக்கும், துணியால் துடைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் சில கடைகளில் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். ஷூ முடிந்து, நட்டும் கடைசி வரை போய்விட்ட வண்டிக்கு, ஆர்மைக் கழற்றி கேமின் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பிரேக் புதுசுபோல் பிடிக்கும், கூலியும் குறைவு, வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். ஆனால் தேய்ந்த ஷூவோடு கேமை அளவுக்கு மீறித் திருப்பினால் அது ஒரேயடியாகப் படுத்துச் சிக்கிக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரு பல் தள்ளுகிறேன் என்று யாராவது சொன்னால், 'வேணாம்ணா, ஷூவே மாத்திடுங்க' என்று சொல்லிவிடுங்கள்.

ஷூவைக் கழற்றும்போது உள்ளே கிடக்கிற கறுப்புத் தூசியை வாயால் ஊதுவதும், காற்றடித்துக் கிளப்புவதும் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கிற புது இருசக்கர வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு), 125 சிசி வரை குறைந்தபட்சம் சிபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் என்றால் பின் பெடலை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஹீரோ இதை ஐபிஎஸ் என்கிறது, ஓசூர்க்காரர்களான டிவிஎஸ் எஸ்பிடி என்கிறார்கள். இந்த வண்டிகளில் பின்னாலிருந்து முன்னால் போகிற கூடுதல் ஒயர் ஒன்று உண்டு. பெடலை மட்டும் சரிசெய்துவிட்டு அதை மறந்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்காது. கையேட்டில் இருக்கிற வரிசைப்படி செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

டிஸ்க் பிரேக்

இதில் ஒயர் கிடையாது, திருகும் கிடையாது. லிவர் பிரேக் ஆயிலை அழுத்தும், ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடுகளை டிஸ்க்கின் மேல் நெருக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் வெளியே வந்து தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் லிவர் ஆட்டம் அதிகமாகாது. அதற்குப் பதிலாக ஹேண்டில்பாரில் இருக்கிற டப்பாவின் கண்ணாடியில் ஆயில் மட்டம் மெல்ல இறங்கும். மட்டம் கீழ்க்கோட்டை நெருங்கினால் உடனே ஆயில் ஊற்றிவிடாதீர்கள். முதலில் பேடைப் பாருங்கள். பேடின் பள்ளம் மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றினால் பிஸ்டன் உள்ளே போய் மட்டம் தானாக ஏறிவிடும். பேடு நன்றாக இருந்தும் மட்டம் இறங்குகிறதென்றால் எங்கேயோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

லிவர் பஞ்சுபோல அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. பிளீடிங் செய்து காற்றை வெளியேற்ற வேண்டும். லிவரை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல ஹேண்டிலை நோக்கி இறங்கினால் மேலே லிவர் பக்கத்தில் ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கலாம். இரண்டையும் புதியவர்கள் தாங்களே செய்து பழக வேண்டாம். பிரேக்கில் பாதி வேலை என்று ஒன்று இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்குக் கூட இறங்கலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி, லிவர் பஞ்சு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ அச்சிட்டிருக்கும். பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட்டை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இறக்கமும் மழையும் வாட்டர் வாஷும்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நந்தி மலைக்குப் போகாத பெங்களூர்ப் பையன்கள் குறைவு. ஏறும்போது கிளட்ச் படும் பாட்டை, இறங்கும்போது பிரேக் படும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில். சிறிய டிரம் சூடேறினால் ஷூவின் பிடிப்பு குறையும், கூடவே டிரம் விரிந்து பெடலும் கீழே போகும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாம், மூன்றாம் கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்கினால் பிரேக்குக்கு வேலை பாதிதான். பிடிப்பு குறைவதுபோல் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் பிரேக் கொஞ்ச நேரம் வழுக்கும். மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் ஈரம் போய்விடும். ராத்திரி நனைந்த டிஸ்க்கில் காலையில் ஆரஞ்சு நிறத் துரு படர்ந்திருப்பதும், முதல் சில பிரேக்கில் கரகரப்பதும் சாதாரணம்.

கீச்சென்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் தூசியோ, பளபளத்துப்போன ஷூவோதான். ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் போய்விட்டு வந்ததும் பிரேக் பிடிக்காமல் போனால் வேறு கதை. கழுவி முடித்ததும் வண்டி மினுமினுக்கட்டும் என்று டீசலும் ஆயிலும் கலந்து அடிக்கிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அது டிஸ்க்கில் பட்டாலோ டிரம்முக்குள் போனாலோ பிரேக் காலி. வண்டியை விடும்போதே, 'அண்ணா, ஆயில் ஸ்ப்ரே வேணாம், டிஸ்க் பக்கமே போகாதீங்க' என்று சொல்லிவிடுவது உத்தமம். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதும் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயில் ஊறிய ஷூவையும் பேடையும் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பக்கம் என்றால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். மொழி எதுவானாலும், மருந்தைச் சொல்லாமல் நோயைச் சொல்லுங்கள். 'கிளட்ச் பிளேட் மாத்திடுங்கண்ணா' என்றால் அவர் மாற்றிவிடுவார். 'மேம்பாலம் ஏறும்போது சத்தம் ஏறுது, வேகம் ஏறல. போன வாரம் ஆயில் மாத்தினேன், அதுக்கப்புறம்தான் இப்படி' என்றால், 'என்ன ஆயில் தம்பி ஊத்துனே?' என்று அவரே கேட்பார். வேலை அங்கிருந்து சரியான திசையில் போகும். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் கேட்காமலே காட்டுவார்.

புது ஷூவும் புது பேடும் போட்ட அன்றே முழுப் பிடிப்பைத் தராது. முதல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகிற பஸ்ஸோடு கூடுதல் இடைவெளி விட்டு, மெதுவாகப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். புது ஒயரும் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும். வாரக் கடைசியில் லிவர் நுனியில் அந்தச் சுண்டுவிரல் அளவை இன்னொரு தடவை பார்த்து, தளர்ந்திருந்தால் லிவர் பக்கத்துத் திருகிலேயே சரிசெய்துவிடலாம்.